வளர்ப்புக் கோழியின் மறைவுத் துயர்

வளர்ப்புக் கோழியின் மறைவுத் துயர் என்பது, வீட்டில் பெயர் வைத்துக் கூப்பிட்டு, கையால் தீனி போட்டு வளர்த்த கோழி இறக்கும்போது வளர்த்தவருக்கு ஏற்படும் துக்கத்தைக் குறிக்கும். நாய், பூனை, மாடு ஆகியவற்றை இழந்தவர்களுக்கு வருவது போன்ற துயரே இதுவும். அழுகை, தூக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, 'நான் கவனித்திருக்க வேண்டும்' என்ற குற்றவுணர்வு ஆகிய அனைத்தும் இதிலும் உண்டு. ஆனால் நாய் செத்ததற்கு அழுபவரைப் பக்கத்து வீட்டார் தேற்றுவார்கள். கோழி செத்ததற்கு அழுபவரிடம், 'நேற்றே அறுத்துக் குழம்பு வைத்திருக்கலாமே' என்பார்கள். கோழி ஒரே நேரத்தில் வீட்டுப் பிள்ளையாகவும் அடுப்புக்குரிய பொருளாகவும் இருப்பதே இத்துயரை மற்ற வளர்ப்பு உயிர்களின் இழப்பிலிருந்து வேறுபடுத்துகிறது.

பிணைப்பு உருவாகும் விதம்

கோழி மனிதரோடு ஒட்டாத, அறிவு குறைந்த பறவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். வீட்டுக் கோழியின் நிலை வேறு. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் வெளியே வரும் கோழி, குருணையும் தவிடும் யார் கையிலிருந்து வருகின்றன என்பதை நன்றாக அறியும். அவர் நடந்தால் பின்னால் நடக்கும். உட்கார்ந்தால் காலடியில் மண்ணைக் கிளறும். 'பா... பா...' என்ற அழைப்பு பழகிய குரலில் வந்தால் ஓடி வரும், புதிய குரலில் வந்தால் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வரும். மாலையில் அடைக்கும்போது தலைகளை எண்ணுவது எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். இழப்பு முதலில் தெரிவதும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையில்தான்.

குஞ்சுப் பருவத்திலிருந்தே வளர்த்திருந்தால் பிணைப்பு இன்னும் ஆழமானது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, முதல் ஓரிரு நாள்களில் தன் கண்முன் அசையும் உருவைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும். பிரித்தானிய ஆய்வாளர் டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-இல் கோழிக்குஞ்சுகளிடம் இதைக் கவனித்து எழுதினார். பின்னர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்சு 1930-களில் வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு இதை விரிவாக விளக்கினார். தாய் இல்லாத குஞ்சை அட்டைப் பெட்டியில் துணி விரித்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் காப்பாற்றிய சிறுமிக்கு அந்தக் குஞ்சு வளர்ப்புப் பறவை என்றால், அந்தக் குஞ்சுக்கு அவள் தாய்.

கோழியின் அறிவுத்திறன் குறித்தும் தெளிவான சான்றுகள் உள்ளன. இத்தாலிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன குஞ்சுகள், இரண்டு திரைகளுக்குப் பின்னால் மறைக்கப்பட்ட பொருள்களில் எந்தப் பக்கம் எண்ணிக்கை கூடுதல் என்பதைக் கண்டுபிடித்து அத்திரையை நோக்கிச் சென்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் நடந்த ஆய்வில், குஞ்சுகள் மீது இலேசாகக் காற்று ஊதப்பட்டபோது அதைப் பார்த்த தாய்க்கோழிகளின் இதயத் துடிப்பு கூடியது. அவை இறகு கோதுவதைக் குறைத்து, குஞ்சுகளை நோக்கிக் குரல் கொடுத்தன. குஞ்சு பொரித்த கோழி பருந்தின் நிழலுக்கே சிறகை விரிப்பதை வாசலில் இருந்து பார்த்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

வண்ணக் குஞ்சுகள்

தமிழ்நாட்டின் நகரங்களில் வளர்ந்த பலருக்கு வாழ்வில் நேரில் கண்ட முதல் மரணம் ஒரு கோழிக்குஞ்சினுடையது. திருவிழாக்களிலும் பள்ளி வாசல்களிலும் தள்ளுவண்டிகளிலும் பச்சை, இளஞ்சிவப்பு, நீலச் சாயம் பூசிய குஞ்சுகள் சில ரூபாய்க்கு விற்கப்பட்டு வந்துள்ளன. பெரும்பாலும் இவை முட்டைக்கோழி இனங்களின் சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, இறைச்சிக்கென உருவாக்கப்பட்ட இனமும் அன்று என்பதால் உடல் விரைவாகத் தேறாது. எனவே பொரிப்பகங்களுக்கு இவற்றால் பயன் இல்லை. கழிக்கப்பட வேண்டியவற்றில் ஒரு பகுதி சாயம் பூசப்பட்டுக் குழந்தைகளிடம் வந்து சேர்கிறது.

பிறந்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. தாயின் சிறகுக்குள் அது இயல்பாகக் கிடைக்கும். சாயத்தில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நாள் முழுதும் கூடையில் நெருக்குண்டு வரும் குஞ்சு, சிமெண்டுத் தரையில் வைத்த அட்டைப் பெட்டிக்குள் முதல் இரவிலேயே குளிரில் சுருண்டு போவதுண்டு. மறுநாள் காலை பெட்டியைத் திறக்கும் குழந்தை, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நம்புகிறது. அரிசி போட்டது தவறா, தண்ணீர் கொடுத்தது தவறா, இறுக்கிப் பிடித்துவிட்டோமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சு பிழைப்பதற்கான வாய்ப்பு வண்டியில் இருந்தபோதே மிகக் குறைவு என்பதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டால் அந்தப் பாரம் கொஞ்சமாவது இறங்கும். பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்வதில்லை. 'வேற வாங்கித் தர்றேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏளனத்துக்கு உள்ளாகும் துயர்

கோழிக்காக வருந்துபவரைக் கேலி செய்யும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 410-இல் உரோமை நகரம் விசிகோத்துகளிடம் வீழ்ந்தபோது, மேற்கு உரோமைப் பேரரசன் ஒனோரியசு இரவென்னா நகரில் இருந்தான். 'உரோமை அழிந்துவிட்டது' என்று பறவைகளைப் பராமரிக்கும் பணியாள் வந்து சொன்னதும், சற்று முன்புதானே அது என் கையிலிருந்து தின்றது என்று அரசன் பதறினானாம். அவன் செல்லமாக வளர்த்த கோழியின் பெயரும் உரோமைதான். வீழ்ந்தது கோழி அன்று, நகரம்தான் என்று அறிந்ததும் அவன் நிம்மதி அடைந்தான் என்று 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியசு கேள்விப்பட்ட செய்தியாகப் பதிவு செய்துள்ளார். நிகழ்ச்சி நடந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது என்பதால் வரலாற்றாய்வாளர்கள் இதை உண்மையாகக் கொள்வதில்லை. ஓர் அரசனைக் கையாலாகாதவன் என்று காட்ட, அவன் கோழிக்காகக் கலங்கினான் என்று சொன்னாலே போதும் என்று அக்காலத்தவர் நினைத்தது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் வெளியிட்ட நூலில், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துயர் என்ற கருத்தை விளக்கினார். துயரப்பட ஒருவருக்கு உரிமை உண்டு என்று சுற்றியிருப்போர் ஒப்பாதபோது, இழப்பின் வலியோடு அதை மறைக்க வேண்டிய வலியும் சேர்ந்துகொள்கிறது. வளர்ப்பு விலங்குகளின் இழப்பு இதற்கு எடுத்துக்காட்டாகப் பலராலும் காட்டப்படுவது. அவற்றுள்ளும் கோழி கடைசி வரிசையில் நிற்கிறது. கோழி இறந்ததற்காக யாரும் விடுப்புக் கேட்க முடியாது, துக்கம் விசாரிக்க ஆள் வராது. 'என்ன ஆச்சு?' என்று கேட்பவரிடம் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று அஞ்சித் தலைவலி என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. தனியே வாழும் முதியவர்களின் நிலை இதில் மிகக் கடினமானது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நாள் முழுதும் பேச்சுக்குத் துணையாக இருந்த உயிர் அந்த ஒரு கோழியாக இருந்திருக்கலாம்.

வரலாற்றில் கோழிக்குச் செய்த மரியாதை

கோழி எல்லாக் காலத்திலும் உணவாகவே பார்க்கப்பட்டது என்று சொல்ல முடியாது. பிரித்தானியர் முயல், கோழி, வாத்து ஆகியவற்றை உண்பதைத் தகாத செயலாகக் கருதினர் என்றும், மன மகிழ்ச்சிக்காகவே அவற்றை வளர்த்தனர் என்றும் யூலியசு சீசர் எழுதியுள்ளார். இதற்கு ஒத்த தொல்லியல் சான்றும் கிடைத்துள்ளது. பிரித்தானியாவின் இரும்புக் காலக் கோழி எலும்புகளைப் பற்றி 2022-இல் வெளியான ஆய்வின்படி, அங்கு வந்த தொடக்ககாலக் கோழிகள் பல வெட்டுக்காயம் இன்றி முழு உடலாகப் புதைக்கப்பட்டுள்ளன. அவற்றில் சில வயது முதிர்ந்தவை. ஹாம்ப்ஷயர் பகுதியின் ஹவுட்டன் டவுன் என்னும் இடத்தில் கிடைத்த பெட்டைக்கோழியின் கால் எலும்பு முறிந்து, பிறகு நன்றாகக் கூடியிருந்தது. கால் முறிந்த கோழியை நரியும் பருந்தும் விட்டுவைப்பதில்லை. யாரோ ஒருவர் அதை வீட்டில் வைத்துத் தீனி கொடுத்து, ஆறும்வரை பார்த்திருக்க வேண்டும். இறந்த பின் குழி தோண்டிப் புதைத்ததும் அம்மக்களே. உரோமர் ஆட்சிக் காலத்தில்தான் அங்கு கோழி பரவலாக உணவானது.

தமிழகத்தில் சேவலுக்கு நடுகல் எடுத்துள்ளனர். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் உள்ள கல்லில் சேவலின் உருவம் செதுக்கப்பட்டு, முகையூர் மேற்சேரியின் சார்பில் பொருது மடிந்த கோழி என்ற பொருளில் எழுத்து பொறிக்கப்பட்டுள்ளது. இந்தளூரிலும் இத்தகைய சேவல் நடுகல் உண்டு. இவை ஏறத்தாழ 1500 ஆண்டுகள் பழமையானவை. பழந்தமிழில் 'கோழி' என்ற சொல் சேவலையும் குறித்ததால் கல்லிலும் கோழி என்றே உள்ளது. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர் நடுகல்லில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் கோவிவன் என்ற பெயரோடு இடம்பெற்றிருப்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் சேவல் நடுகற்கள் சண்டையில் ஊருக்குப் பெருமை தேடித் தந்த சேவலுக்கு எடுத்தவை. கொல்லையில் முட்டையிட்டு முதுமையில் இறந்த பெட்டைக்கு எவரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

விருந்துக்கும் வேண்டுதலுக்கும் இடையில்

கிராமத்து வீடுகளில் கோழியின் முடிவு பெரும்பாலும் நோயால் வருவதில்லை. விருந்தாளி வந்தால், தீபாவளி வந்தால், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட நாள் வந்தால் கோழி அறுக்கப்படும். வீட்டுப் பொருளாதாரத்தில் கோழிக்கு உள்ள இடம் அதுதான். பெரியவர்கள் இதில் தவறு காண்பதில்லை. குழந்தை அந்தக் கோழிக்குப் பெயர் வைத்திருப்பதுதான் சிக்கல். பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை கோழியைத் தேடுகிறது. 'எங்கேயோ ஓடிப்போச்சு' என்று சொல்லிவிட்டு, இரவு தட்டில் குழம்பை ஊற்றுகிறார்கள். சில நாள் கழித்து யார் வாயிலாகவாவது உண்மை வெளிவரும். கோழியை இழந்ததை விட, அதைத் தானே தின்றதும், தன்னிடம் பொய் சொன்னதும் நெடுங்காலம் நினைவில் நிற்கும். ஐம்பது வயதைக் கடந்த பின்பும் அந்த ஒரு வேளைச் சோற்றை மறக்க முடியாதவர்கள் உண்டு. அதன்பின் கோழிக்கறியைத் தொடாதவர்களும் உண்டு.

இறந்த உயிர் திரும்பாது, அதன் உடல் இனி இயங்காது, எல்லா உயிர்களுக்கும் இது நேரும் என்பவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள் புரிந்துகொள்கின்றனர் என்று குழந்தை உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. அதற்கும் இளைய குழந்தையிடம் 'கோழி தூங்குகிறது' என்றால் அது எழும்வரை காத்திருக்கும். சில குழந்தைகள் தூங்கப் போகவே அஞ்சும். 'செத்துப் போச்சு, இனி வராது' என்று நேராகச் சொல்வதே நல்லது. அறுக்கப் போகும் கோழி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், அதை உண்ணக் குழந்தையை வற்புறுத்தாமல் இருப்பதும் வேண்டும். நேர்ந்துவிட்ட சேவலைக் குழந்தையின் பொறுப்பில் விடாமல் இருப்பது இன்னும் நல்லது. அது முடியாத வீடுகளில், அந்தக் குழந்தை பழகிய ஒரு கோழியை மட்டும் கணக்கிலிருந்து விலக்கி, சாகும்வரை அப்படியே விட்டுவிடும் பாட்டிமார்களும் இருந்திருக்கிறார்கள்.

திடீர் இறப்பும் குற்றவுணர்வும்

கோழி நோயை வெளிக்காட்டாத பறவை. வேட்டையாடப்படும் உயிர்களில் தளர்ந்து நிற்பதே முதலில் இரையாகும் என்பதால், இயன்றவரை இயல்பாகவே நடமாடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக் குறுகி நிற்பதை வளர்ப்பவர் கவனிக்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று கோழியை இழந்தவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். கவனக்குறைவு என்று கொள்ளத் தேவையில்லை.

வீட்டுக் கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். 1920-களில் இந்தியாவில் இன்றைய உத்தராகண்டிலுள்ள ராணிக்கெட்டில் இந்நோய் அறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட ஊரின் பெயரால் நியூகாசில் நோய் என்றும் வழங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், சிறகு தொங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அறிகுறிகள். இது நச்சுயிரி நோய் என்பதால் வந்த பின் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் சில நாள்களில் ஏறத்தாழ எல்லாமே மடியலாம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வார அளவில் ஊசியும் போடுவதே வழி. ஒரே ஒரு தவணை தவறியதால் கூடு காலியான வீடுகளில் குற்றவுணர்வு மிகுதியாக இருக்கும். அந்தக் குற்றவுணர்வில் ஓரளவு நியாயமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஊசியைத் தவறாமல் போடுபவர்கள் பெரும்பாலும் ஒருமுறை இழந்தவர்களே.

அதிகம் முட்டையிடும் இனக் கோழிகளுக்கு வேறோர் ஆபத்து உண்டு. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஓரிரு ஈற்றில் பத்துப் பதினைந்து முட்டையளவே இடும். முட்டைக்கென உருவாக்கிய இனங்கள் 300 முட்டை வரை இடுகின்றன. இதனால் முட்டை உள்ளே சிக்குதல், முட்டைப்பை அழற்சி, சூலகப் புற்று ஆகியவை இரண்டு மூன்று வயதிலேயே வருகின்றன. மனிதரின் சூலகப் புற்றை ஆராய்வோர் கோழியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது கோழிகளிடம் இயல்பாகத் தோன்றும் நோய். இப்படி இறந்த கோழியை வளர்த்தவரின் கவனிப்பால் காப்பாற்றியிருக்க முடியாது. மறுபுறம், கொத்திக் கிளறித் திரியும் நாட்டுக்கோழி நல்ல பராமரிப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'பீநட்' என்ற சிறிய கோழி 21 வயது வரை வாழ்ந்து 2023 டிசம்பரில் இறந்தது. தாய் கைவிட்ட முட்டையிலிருந்து வளர்த்தவரே எடுத்துக் காப்பாற்றிய கோழி அது.

கீரி, காட்டுப்பூனை, தெருநாய் ஆகியவற்றால் இறப்பு நேர்ந்தால், கூட்டுக் கதவைச் சரியாகச் சாத்தாதவர் யார் என்ற கேள்வி வீட்டுக்குள் எழும். பல வீடுகளில் அது துக்கத்தை விடப் பெரிய சண்டையாகிவிடுகிறது.

நோய்த்தடுப்புக்காக அழிக்கப்படும் கோழிகள்

பறவைக் காய்ச்சல் பரவும்போது ஏற்படும் இழப்பு தனி வகையானது. ஆங்காங்கில் 1997-இல் 18 பேருக்கு இந்நோய் தொற்றி 6 பேர் இறந்ததை அடுத்து, அவ்வாண்டின் இறுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் சில நாள்களில் கொல்லப்பட்டன. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள எல்லாக் கோழிகளும் அழிக்கப்படும். வீட்டுக் கோழிக்கும் விலக்கு இல்லை. நலமாக இரை எடுத்துக்கொண்டிருக்கும் கோழியைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோவதைப் பார்த்து நிற்க வேண்டும். புதைக்கவும் கையில் கிடைக்காது. இதற்கு அரசு இழப்பீடு தருகிறது. கோழியின் வகையையும் வயதையும் கொண்டு தொகை கணக்கிடப்படும். மனித உயிர்களைக் காக்க இந்நடவடிக்கை தேவையானதே. எனினும் ஒரு பெண் தன் முட்டைக் காசைச் சேர்த்து வாங்கிய கோழிகள் அந்தப் பட்டியலில் எண்ணிக்கையாக மட்டும் இடம்பெறுகின்றன.

அடக்கமும் அதன் பின்னும்

நோயுற்று இறந்த கோழியை உண்ணவோ, ஆற்றிலோ குப்பையிலோ எறியவோ கூடாது. கிணறு, குளத்திலிருந்து விலகிய மேட்டு நிலத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே கல் வைக்க வேண்டும். அடுத்தடுத்துப் பல கோழிகள் இறந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தை விரும்பினால் புதைக்கும் இடத்தில் உடன் இருக்கலாம். ஒரு பூவோ ஒரு பிடி குருணையோ போட விரும்பினால் தடுக்கத் தேவையில்லை.

துயர் ஐந்து படிகளில் வரிசையாகக் கடந்து போகும் என்ற கருத்து மக்களிடையே பரவியுள்ளது. எலிசபெத் கூப்ளர்-ராசு 1969-இல் அதை எழுதியது, சாகும் நிலையில் இருந்த நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்களுக்கு அப்படியொரு வரிசை கட்டாயமில்லை. துயரில் மூழ்குவதும் அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மனம் மாறி மாறி அசையும் என்று 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம், கோழி வளர்ப்போருக்குப் பெரிதும் பொருந்துகிறது. ஏனெனில் மற்ற கோழிகள் காலையில் திறந்துவிடச் சொல்லிக் கத்தும்.

அந்தக் கோழிகளிடமும் சில மாற்றங்களைக் காணலாம். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. இதை நார்வே நாட்டவரான தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். ஒன்று குறைந்ததும் அந்த வரிசை குலைந்து, சில நாள் சண்டையும் பதற்றமும் இருக்கும். இறந்த துணையைத் தேடுவது போல் கூட்டைச் சுற்றி வருவதையும், இரை குறைவதையும் வளர்ப்போர் கவனித்துள்ளனர். கோழிகள் மனிதரைப் போல் துக்கப்படுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

புதிய குஞ்சு வாங்குவதற்கு ஏற்ற காலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வெள்ளைக் கழிச்சல் போன்ற தொற்றால் இழந்திருந்தால் கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில வாரங்களாவது காலியாக விட வேண்டும். நோயால் இறந்த கோழியின் முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது. சில நோய்கள் முட்டை வழியே குஞ்சுக்குப் போகும். கீரியோ நாயோ கொண்டுபோன கோழி என்றால் அத்தடை இல்லை. பானையில் எஞ்சியிருக்கும் முட்டைகளில், இட்டு ஒரு வாரத்துக்கு உட்பட்டவற்றை அடைக்குப் படுத்திருக்கும் வேறொரு கோழியின் கீழ் வைப்பது ஊர்ப்புறத்தில் வழக்கம். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும்.